அந்தச் செயின் விஷயம்

குவைத்,
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அம்மா, மாமா, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? தினமும் போனில் பேசுகிறவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை.

இங்கே வெயில் 48 டிகிரி. சித்திரைத் திருவிழாவில் ஆற்றங்கரையில் நின்றதையெல்லாம் வெயில் என்று சொல்லியிருக்கிறோம் பார். பகலில் குழாய்த் தண்ணீர் கொதிக்கிறது, ராத்திரியே வாளியில் பிடித்து வைத்தால்தான் குளியல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வெளிவேலை கூடாது என்று சட்டம். அதனால் இருட்டோடு கிளம்பிவிடுவோம். அறையில் ஆறு பேர். எனக்கு இரும்புக் கட்டிலின் மேல்தட்டு.

ஆராதனை வெள்ளிக்கிழமை. ஒரே வளாகத்தில் மணிக்கொரு மொழி. மலையாளிகள் எழுந்து போவார்கள், நாங்கள் போய் உட்காரும்போது நாற்காலிச் சூடுகூட ஆறியிருக்காது. நரிமேடு கதீட்ரலில் நம் குடும்பத்துக்கென்று ஒரு பெஞ்சு பிடித்து வைத்திருப்பாளே அம்மா, அதெல்லாம் இங்கே நடக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜெபம் பண்ணுவதில் நான் கெட்டிக்காரன் என்று உனக்குத் தெரியும். அறையில் இரவு ஜெபம் நான்தான். வியாதிக்காரர்கள், விசா முடியப்போகிறவர்கள், ஊரிலிருக்கும் பெற்றோர் என்று கடகடவென வரும். தனியாக முழங்கால் போட்டால் மட்டும் ஒரு வார்த்தை வராது. கண்ணை மூடினால் உன் வெறுங்கழுத்துதான் தெரியும்.

அக்கா, கம்பெனியில் சம்பளத்தை இழுக்கிறார்கள் என்று சொன்னேனே, அது பொய். மாதாமாதம் வந்தது. முதலில் போன் வாங்கினேன். அப்புறம் கூட வேலை பார்க்கிறவன் பேச்சைக் கேட்டு ஒரு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். ஏஜெண்டுக்குக் கட்ட நீ அடகு வைத்த செயினுக்கு நீயே வட்டியும் கட்டிக்கொண்டு, "தம்பிக்குச் சம்பளம் ஒழுங்காக வரணும் ஆண்டவரே" என்று ஜெபமும் பண்ணிக்கொண்டிருந்தாய். அதைப் போனில் கேட்டு ஆமென் சொன்னவன் நான்.

போன மாதம் பாஸ்டர் 51-ம் சங்கீதம் பேசினார். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" என்று தாவீது சொல்கிறாரே, அதைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டவரிடம் சொன்னால் போதும், அக்காவுக்குத் தெரிய வேண்டாம்! நன்றாக அழவும் செய்தேன். இரண்டு வாரம் நிம்மதி. அப்புறம் ஓய்வுநாள் பள்ளியில் பரிசாகக் கிடைத்த அந்தப் பழைய பைபிளில் மத்தேயு 5-ம் அதிகாரம் கண்ணில் பட்டது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது. நழுவ இடமில்லை.

நேற்று விடியுமுன், பாங்கு சொல்லும் நேரம், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக முழங்கால் போட்டேன். நாலே வாக்கியம்தான் ஜெபித்தேன். அதில் ஒன்று இந்தக் கடிதத்தைப் பற்றி.

அட்வான்ஸில் பாதிதான் திரும்பியது. இந்த மாதச் சம்பளத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். செயினை மீட்க அது போதும். நீ இதுவரை கட்டின வட்டி அடுத்த மாதம் வரும். பைபிளில் சகேயு, ஏமாற்றி வாங்கினதற்கு நாலு மடங்கு தருகிறேன் என்றான், எனக்கு அவ்வளவு முடியாது. ஒரு மாதம் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும்தான், பரவாயில்லை.

அம்மாவிடம் நானே ஞாயிற்றுக்கிழமை பேசிச் சொல்கிறேன். நீ முந்திவிடாதே. செயினைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு. கோபமாக இருந்தால் போட்டோ வேண்டாம், ரசீது மட்டும் அனுப்பு.

உன் தம்பி