பச்சை விளக்கை மட்டும் பார்த்து அனுப்புவதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

போன மாதம் எங்களிடம் பழுது பார்த்துப் போன மூன்று கிளாக் கார்டுகள் (தொலைத்தொடர்புக் கருவிக்கு நேரத் துடிப்பு கொடுக்கும் அட்டைகள்) மறுபடியும் தகராறு செய்த கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். "சுவிட்சைப் போடுகிறார்கள், செல்ஃப் டெஸ்ட் (கார்டு தன்னைத்தானே சோதித்துக்கொள்வது) பச்சை காட்டினால் பெட்டியில் வைத்து ஒட்டிவிடுகிறார்கள்" என்று பேசிக்கொள்கிறார்களாம். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன், இதைக் கேட்டு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

செல்ஃப் டெஸ்ட் மெமரியைப் பார்க்கும், மின்னழுத்தம் பார்க்கும், பிஎல்எல், அதாவது வரும் கிளாக்கோடு தன் கிளாக்கை ஒட்டி ஓடவைக்கும் சுற்று, லாக் ஆகிறதா என்று பார்க்கும். அதன் வேலை அவ்வளவுதான். அனுப்பியதைத் தனக்கே திருப்பிவிடும் லூப்பேக் போட்டாலும் அனுப்புவதும் வாங்குவதும் அதே கிளாக் என்பதால், அது எவ்வளவு விலகி ஓடினாலும் பிழைக் கணக்கு பூஜ்யமாகத்தான் இருக்கும். தன் கடிகாரத்தைப் பார்த்தே தன் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வது போல. அதற்காகத்தானே மேசையில் ரூபிடியம் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறோம்! எஸ்டிஹெச் (ஃபைபரில் தரவை ஒரே தாளத்தில் அனுப்பும் முறை) கருவியின் சொந்த கிளாக் 10 லட்சத்தில் 4.6 பங்கு வரை விலகலாம் என்று விதியே அனுமதிக்கிறது. தரவை அனுப்பும் ஒரு கட்டு, அதாவது ஒரு ஃபிரேம், 125 மைக்ரோ நொடிதான், ஆக அந்த எல்லையில் ஓடும் கிளாக் 27 நொடியிலேயே ஒரு ஃபிரேம் அளவு தள்ளிப் போய்விடும். கார்டில் அப்போதும் பச்சைதான் எரியும்.

அந்த மூன்றில் இரண்டு ஒரே ரிங்கில், அதாவது நோடுகளை (நிலையங்களை) வளையமாக இணைத்த ஃபைபரில், இருந்தவை. ஃபைபர் அறுந்து ரிங் மறுபக்கமாகத் திரும்பியதும் இந்த நோடு பக்கத்து நோடிடம் கிளாக் வாங்க, அது இதனிடமே வாங்க, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சேர்ந்தே விலகியிருக்கின்றன. "என்னிடம் கிளாக் எடுக்காதே" என்று எதிர்ப்பக்கத்துக்குச் சொல்ல வேண்டியது ஃபிரேமிலேயே போகும் எஸ்1 பைட், ஆனால் அந்த அமைப்பை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். எங்கள் பையன் இரவு இரண்டு மணிக்கு அங்கே உட்கார்ந்து, வெளி இணைப்பில் பாயிண்டர் கவுண்டர் (கிளாக் விலகலைச் சமாளிக்கத் தரவை நகர்த்திய தடவைகளின் எண்ணிக்கை) கண்ணெதிரே ஏறுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான். கிளாக் அலாரம் ஒன்றுகூட இல்லை. கார்டு மேல் குற்றமே கிடையாது, கழற்றி அனுப்பியதுதான் மிச்சம்.

மூன்றாவதில், துடிப்பை உண்டாக்கும் ஆசிலேட்டருக்கு வயதாகியிருந்தது. வெளி ரெஃபரன்ஸ் (ஒப்பிட வெளியிலிருந்து வரும் கிளாக்) இல்லாமல் இரவு முழுக்க ஓட்ட வேண்டிய ஹோல்டோவர் சோதனை அதற்கு விட்டுப்போனது, மாற்றிக் கொடுத்துவிட்டோம்.

இனி ஒவ்வொரு கிளாக் கார்டுக்கும் வெளி ரெஃபரன்ஸைப் பிடுங்கிவிட்டு 24 மணி நேரம் ரூபிடியத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு விலகியது என்ற வரைபடத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்புவோம். டைமிங் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டதால், 4 நாளில் வந்தது இப்போது 7 நாள் ஆகும்.

பேச்சு பரவிய பிறகும் மறுவாரமே கார்டு அனுப்பியவர்களுக்கும், "என்ன நடந்தது, நீங்களே சொல்லுங்கள்" என்று போன் செய்து கேட்டவர்களுக்கும் மனதார நன்றி. அந்தப் போன்கள்தான் எங்களைத் தாங்கிப் பிடித்தன.

அப்புறம், கார்டு அனுப்பும்போது ஒரு சீட்டில் மூன்று விஷயம் எழுதி வையுங்கள்: முதல் கிளாக் எந்த லைனிலிருந்து வருகிறது, அது போனால் எதற்கு மாறும், எஸ்1 இயக்கத்தில் இருக்கிறதா. பாதி கார்டுகளைக் கழற்றவே வேண்டியிருக்காது.