'எதிர்பாராதவிதமாக' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'எதிர்பாராதவிதமாகக் கார் மோதியதில் படுகாயம்' என்று உங்கள் நாளிதழிலும் பிற இதழ்களிலும் வாரத்துக்கு நாலு முறையாவது படிக்கிறேன். அந்தச் சொல் பெரும்பாலும் காவல் நிலையத்திலிருந்துதான் செய்தியாளர் கைக்கு வருகிறது. அது எங்கள் குடும்பத்தை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் தம்பி சென்டரிங் வேலை செய்பவன். 2019-ல் ஒரு மாலை, வேலை முடிந்து இருசக்கர வாகனத்தில் திரும்பியவனைப் பின்னால் வந்த கார் இடித்துத் தள்ளியது. வலது தொடை எலும்பு முறிந்தது. மறுநாள் காலை மருத்துவமனைக்கு ஒரு காவலர் வந்தார். வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து எழுதினார். தம்பி ஊசி மயக்கத்தில் கிடந்தான். அவன் மனைவி கேள்விப்பட்டதைச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் அவர் விரல் வைத்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். எழுதியதைப் படித்துக் காட்டவில்லை. ஒரு கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் இன்னொரு கையில் சின்னக் குழந்தையுமாக நின்றவளுக்குக் கேட்கவும் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து முதல் தகவல் அறிக்கையின் நகல் வந்தபோதுதான் வாசித்தோம். 'வலதுபுறம் திரும்பியபோது எதிர்பாராதவிதமாகப் பின்னால் வந்த கார் மோதிவிட்டது' என்று இருந்தது. தம்பி திரும்பவே இல்லை. நேராகத்தான் போனான். காரை ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் வழக்கறிஞர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் என்ற வரியே இல்லையே அம்மா" என்றார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் இழப்பீடு கேட்பவர் ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்டியாக வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு இன்னும் மோசம். தம்பியைத் தூக்கி வந்து சேர்த்த புண்ணியவான் விபத்தை நேரில் பார்த்தவர் அல்ல. 'வண்டியோடு விழுந்து கிடந்தார்' என்று அவர் சொன்னது, 'வண்டி சறுக்கி விழுந்தது' என்று பதிவாகிவிட்டது. கார் என்ற சொல்லே அதில் இல்லை. காரின் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் இந்த இரண்டு தாள்களையும் வைத்துக்கொண்டு தம்பியை அரை நாள் கூண்டில் நிற்க வைத்தார். ஊன்றுகோலோடு நின்றான்.

முதல் தகவல் அறிக்கையில் உள்ளதே முடிந்த முடிவு அல்ல என்பது உண்மை. இழப்பீட்டு வழக்கில் குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும் என உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. புகார் தாமதமானது என்பதற்காக மட்டுமே மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011-ல் தீர்ப்பளித்திருக்கிறது. எதிரே டீக்கடை வைத்திருந்தவர் வந்து சாட்சி சொன்னார். அவர் காலில் விழுந்தாலும் தகும். அதனால் தவறு கார்க்காரர் மீதுதான் என்று விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஏற்றது. ஆனாலும், திரும்பியதில் தம்பிக்கும் பங்கு உண்டு என்று இழப்பீட்டில் 30 சதவீதத்தைக் கழித்துவிட்டது. அவன் திரும்பாத திருப்பத்துக்கு!

2022 ஏப்ரல் முதல் விதிகள் மாறியிருக்கின்றன. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் காவல் துறையே முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குள்ள உரிமைகளை விளக்கும் படிவத்தைப் 10 நாளில் அவர் கையில் கொடுக்க வேண்டும். விரிவான அறிக்கை 90 நாளுக்குள் போக வேண்டும். அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். இதை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தச் சொல்லி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் முதல் தாளில் தவறாக எழுதினால் அந்தத் தவறுதான் 48 மணி நேரத்தில் வேகமாகப் போய்ச் சேரும். அந்த உரிமைப் படிவத்தைப் பார்த்ததுண்டா என்று எங்கள் தெருவில் அண்மையில் விபத்தில் சிக்கிய இரண்டு வீடுகளில் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

அன்று எழுதிய அந்தக் காவலரை மட்டும் நான் குறை சொல்லவில்லை. அந்த வார்டில் அன்று அவருக்கு இன்னும் மூன்று பேரிடம் வாக்குமூலம் வாங்க வேண்டியிருந்தது. 2022-ல் மட்டும் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள். ஆனால் எழுதிய புகாரைப் புகார்தாரருக்குப் படித்துக் காட்ட வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய சட்டத்திலும் இருக்கிறது. படித்துக் காட்ட ஐந்து நிமிடம் ஆகுமா? ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவு வாசலிலும் இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க மாவட்ட ஆட்சியர்கள் உத்தரவிட வேண்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாளை விபத்துச் செய்தி வரும்போது, எந்த வாகனம் எந்தத் திசையில் வந்து எதன் மீது மோதியது என்று உங்கள் செய்தியாளர் ஸ்டேஷனில் கேட்டு எழுதட்டும். 'எதிர்பாராதவிதமாக' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விழுப்புரம் மாவட்டம்