லாரி ஓட்டுநரை நிறுத்துப் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாரி விபத்துச் செய்தி வரும்போதெல்லாம், நூறு கிலோவைத் தாண்டியவரிடம் கனரக வண்டியைக் கொடுக்கக் கூடாது என்ற பேச்சும் கூடவே எழுகிறது. எடைக்கும் விபத்துக்கும் தொடர்பு உண்டுதான். ஆனால் அந்தத் தொடர்பு பெரும்பாலும் தூக்கத்தின் வழியாக வருவதால், எடை மேடையில் அது தெரியாது.

கழுத்தைச் சுற்றியும் நாக்கின் அடியிலும் கொழுப்பு சேர்ந்தவருக்கு, தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். ஸ்லீப் அப்னியா என்ற நோய் இதுதான். ஒவ்வோர் அடைப்பும் குறைந்தது 10 நொடி நீடிக்கும். மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கும், ஓட்டுநருக்கு அது நினைவிலேயே இருக்காது. எட்டு மணி நேரம் படுத்தெழுந்தும் தூங்காதவராகவே ஸ்டியரிங் முன் உட்காருவார். இந்தத் தடங்கல் மணிக்கு 15ஐ எட்டினால் நடுத்தரம், 30ஐ எட்டினால் கடுமை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஓட்டுநர் உரிமத்துக்கான மருத்துவ விதிகளைத் திருத்தியபோது இந்த எண்களைத்தான் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் மத்திய விதிகளிலும் லாரி ஓட்டுநருக்கென்று எடை வரம்பு கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தாடை சிறியதாகவோ பின்தள்ளியோ இருந்தால் ஒல்லியானவருக்கும் இந்த நோய் வரும், ஆசிய முக அமைப்பில் குறைந்த எடையிலேயே வரும். 68 கிலோக்காரர் எடை வரம்பில் சுலபமாகத் தேறிவிடுவார்.

மருத்துவர்கள் முதற்கட்டமாகக் கேட்பவை எட்டு: குறட்டை, பகல் சோர்வு, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம், உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீடு 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா, ஆணா. மூன்றுக்கு ‘ஆம்’ என்றால் சந்தேகம், ஐந்து என்றால் உறக்கப் பரிசோதனை அவசியம். எட்டில் எடைக்கு ஒரே ஓர் இடம். வேலை போய்விடும் என்ற பயத்தில் ‘குறட்டையா, எனக்கா?’ என்பார் ஓட்டுநர், அதில் வியப்பில்லை. அதனால்தான் குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே வைத்து அளக்கும் டேப் முக்கியமாகிறது. டேப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது.

ரத்த அழுத்தத்தையும் பலர் தப்பாகவே எடுக்கிறார்கள். புஜத்தின் சுற்றளவு 35 செ.மீ.யைத் தொடும் ஆளுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால், உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பெரிய பட்டை வேண்டும். மாடிப்படி ஏறி வந்தவரை ஐந்து நிமிடம் பேசவிடாமல் உட்கார வைத்து, கையை இதய மட்டத்தில் தாங்கி, அதன்பிறகு எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் குண்டானவரைத் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்புவது அநியாயம்.

நம் நாட்டில் போக்குவரத்து வாகன ஓட்டுநருக்கான மருத்துவச் சான்றிதழான 1ஏ படிவம் பார்வை, செவி, சிவப்பு–பச்சை நிற வேறுபாடு, 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் படிப்பது, உறுப்புக் குறை ஆகியவற்றைப் பார்க்கிறது. தூக்கம் அதில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தால் உரிமம் 3 ஆண்டுக்குப் பதில் 5 ஆண்டுக்குச் செல்லும். ஐந்தாண்டில் ஒருவரின் கழுத்தும் சர்க்கரையும் எவ்வளவோ மாறும்.

கண்டுபிடித்தபின் வேலையை விட்டு நீக்கத் தேவையில்லை. முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுக்கும் சிபேப் கருவியைப் பயன்படுத்தினால் பகல் தூக்கம் பெரும்பாலும் அடங்கும். இரவுக்கு 4 மணி நேரமாவது, பத்தில் ஏழு இரவு போட வேண்டும் என்பது பரவலான அளவுகோல். கருவியே அதைப் பதிவு செய்வதால் முதலாளி வாய்ப்பேச்சை நம்ப வேண்டியதில்லை. லாரியில் தூங்குபவருக்குத் தொல்லை மின்சாரத்தில்தான். கனரக லாரியில் இருப்பது 24 வோல்ட். 12 வோல்ட் கருவியை நேரே இணைத்தால் கெட்டுவிடும், இடையில் கன்வெர்ட்டர் வேண்டும். ஈரப்பதம் தரும் சூடேற்றியை அணைக்காவிட்டால் பேட்டரி இறங்கி, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. முகமூடி ஓரத்தில் காற்று கசிந்தால் வாய் வறண்டு, இரண்டே நாளில் கருவி மூலைக்குப் போய்விடும். முகத்துக்கேற்ற அளவு பார்த்து வாங்குவதுதான் வழி.

ஆனால் ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து, படுக்கவே நேரம் தராத நடைக்கூலி முறையில் எந்தக் கருவியும் உதவாது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரையறுத்தது. பொதுவாக ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களை மனத்தில் கொண்ட சட்டம் அது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்களிடம் ஓட்டுபவர் அதற்கு வெளியே நின்றார்.

எனவே 1ஏ படிவத்தில் கழுத்துச் சுற்றளவு, ரத்த அழுத்தம் என்று இரண்டு வரி சேர்க்கட்டும். உறக்கப் பரிசோதனை முடிவு வரும்வரை வேலையும் தினப்படியும் நிற்காது என்பதையும் விதியாகவே எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த இரண்டு வரியையும் எப்படி ஏமாற்றுவது என்று ஓட்டுநர் ஒரே மாதத்தில் கற்றுக்கொள்வார்.

இப்படிக்கு,
தொழிலாளர் உடல்நலப் பணியில் உள்ள வாசகர்