கடைமடைக்கு வந்து சேராத தண்ணீருக்கும் விலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாசன நீருக்கு விலை வைக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். தண்ணீர் ஓசியில் கிடைப்பதால்தான் விவசாயிகள் வீணடிக்கிறார்கள் என்று அதில் ஒரு வரி. என் அப்பா காலத்திலிருந்து தங்கள் பத்திரிகையை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த வரியைப் படித்தபின் காலைச் சோறு இறங்கவில்லை.

நான் பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைக்காரன்; தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் எங்களுடையது. வாய்க்கால் பாயும் 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டை ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்டில் நெல்லுக்கும், மறு பாதிக்கு ஜனவரியில் கடலை, எள்ளுக்கும் மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவது தாங்கள் அறியாததல்ல. வருடத்தில் ஒரு போகம்தான். அதுவும் 200 கிலோமீட்டர் கடந்து எங்கள் கொப்பு வாய்க்காலுக்கு வர வேண்டும். மேலே எங்காவது கரை உடைந்தால் தண்ணீரையே நிறுத்திவிடுவார்கள். போன கடலைப் போகத்தில், நடுராத்திரியில் வந்த என் தண்ணீர் முறைக்கு மண்வெட்டியும் டார்ச் லைட்டுமாகப் போய் நின்றேன். வாய்க்காலில் கணுக்கால்கூட நனையவில்லை. வீணடிக்க எங்களிடம் என்ன இருக்கிறது ஐயா?

ஓசி என்பதும் உண்மையல்ல. நிலவரியான கிஸ்தியோடு தண்ணீர்த் தீர்வையும் கட்டிய ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன. தொகை சொற்பம் என்பீர்கள். வாய்க்கால் பாயும் நிலத்துக்கும் மழையை நம்பிய மானாவாரி நிலத்துக்கும் கிரயத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று எங்கள் பக்கத்துப் பத்திர எழுத்தரைக் கேட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் தண்ணீரின் விலை. நிலம் வாங்கிய அன்றே என் அப்பா அதைக் கொடுத்துவிட்டார். இனிமேல் கட்டணத்தை ஏற்றினால் நிலத்தின் மதிப்பு இறங்கும். அதை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவன் என்ன செய்வான்? குத்தகைக்கு ஓட்டுபவன் தலையில் முழுக் கட்டணமும் விழும்.

சிக்கனம் வரும் என்கிறீர்கள். எங்களிடம் வசூலிப்பது ஏக்கர் கணக்கில். ஒரு தடவை தண்ணீர் கட்டினாலும் பத்துத் தடவை கட்டினாலும் ஒரே தொகை. அதை மூன்று மடங்காக்கினாலும் ஒரு சொட்டு மிச்சமாகாது. அளந்து கொடுத்து அளவுக்கு வாங்கினால் பேசலாம். மகாராஷ்டிரத்தில் 2005-ல் சட்டம் கொண்டுவந்து, பாசன சங்கங்களுக்குக் கன அளவில் கட்டணம் வைக்க முனைந்தார்கள். இங்கும் பாசன சங்கச் சட்டம் 2000-லேயே வந்தது. எங்கள் மதகில் நட்ட அளவுகோலோ துருவேறி எண்ணே தெரியாமல் நிற்கிறது.

நெல்லின் விலை என் கையில் இல்லை. சன்ன ரகத்துக்கு 2025-26 பருவத்தில் குவிண்டால் 2,545 ரூபாய் என்று அரசு வைத்தால் அதுதான். உரமும் கூலியும் ஏறியபோதே அதை யார் தலையிலும் என்னால் ஏற்ற முடியவில்லை. வாய்க்கால் தண்ணீர் விலை ஏறினால் முடிந்தவன் ஆயிரம் அடிக்கு ஆழ்துளைப் போர் போடுவான், முடியாதவன் நிலத்தை மனை போட விற்பான். போருக்கு மின்சாரம் இலவசம்தானே என்று அடுத்த தலையங்கம் வரும். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைத் தெருக்களில் மாட்டு வண்டிகளை நிறுத்தினார்கள். அவ்வளவுக்கும் பிறகுதான் 1990-ல் அந்த மின்சாரம் வந்தது.

தண்ணீரின் அருமையை எங்களுக்குச் சொல்லும் தாங்கள் நொய்யல் ஆற்றை மறந்துவிட்டீர்கள். 1992-ல் அதன் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. என் மாமனார் தோட்டத்துக் கிணற்றில் மாடு வாய் வைக்காது. இளநீரே உப்புக் கரித்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை, கெட்டுப்போன அந்தத் தண்ணீருக்கு விலை கேட்டுத் தாங்கள் ஒரு தலையங்கம் எழுதியதாக எனக்கு நினைவில்லை. அந்த மனக்குறை இன்றுவரை ஆறவில்லை.

தங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பவானிசாகர் நீர்மட்டத்தைத் தினமும் பெட்டிச் செய்தியாகப் போடுகிறீர்கள். அதன் கீழே, வாய்க்காலின் தலைப்பில் எத்தனை கன அடி, கடைசி மதகில் எத்தனை கன அடி என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். நீர்வளத்துறையிடம் தங்கள் நிருபர் கேட்டால் கொடுப்பார்கள். நாங்கள் கேட்டால் கொடுப்பதில்லை.

இப்படிக்கு,
கீழ்பவானி கடைமடை விவசாயி,
முத்தூர் பகுதி