அந்த வலையை வாங்கிவிடாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. உன் இரண்டு கடிதங்களும் கவாத்துக் கத்தரிக்குக் கீழே கிடந்து மண்கறை படிந்துவிட்டன. திட்டுவதென்றால் அடுத்த கடிதத்தின் முதல் பக்கம் முழுக்கத் திட்டிக்கொள், வாயைத் திறக்க மாட்டேன். இங்கே எல்லாரும் சுகம். முட்டிவலி பழையபடி இருக்கிறது.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உன் தங்கை. புரட்டாசியில் நான் எழுதிய கடிதத்தில் புகழ்ந்து தள்ளினேனே, வௌவாலைத் தடுக்க மரத்தில் போர்த்தும் அதே வலையை நீயும் வாங்கப் போகிறாயாம். என் மனைவியிடம் போனில் சொல்லியிருக்கிறாள். வாங்காதே. ஏனென்று சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

முதலில் மாந்தோப்புச் சேதி, இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். மார்கழிக் குளிர் நன்றாக விழுந்ததால் பூ கொட்டிக் கிடந்தது. போன வருஷம் ஏமாற்றிய கிழக்கு வரிசை மரங்கள்கூட இலை தெரியாமல் பூத்தன. ஒரு வருஷம் காய்ப்பு, ஒரு வருஷம் ஏய்ப்பு என்று நீ கிண்டல் செய்வாயே, இது காய்ப்பு வருஷம். தை நடுவில் மூன்று நாள் மூடுபனியும் தூறலும் வந்தது. சாம்பல் நோய் பாதிப் பூவைத் தின்றது. தத்துப்பூச்சி வேறு. மரத்தடியில் நின்றால் தலைமேல் பிசுபிசுவென்று தேன் சொட்டும், அப்புறம் அந்த இலையெல்லாம் கரும்பூசணம். மருந்தடிக்கலாம் என்று மகன் குதித்தான். பூத்திருக்கும்போது வேண்டாம் என்றேன். மாம்பூவில் மகரந்தம் சேர்த்துக் கல்யாணம் பண்ணி வைப்பது பெரும்பாலும் ஈக்கள்தான், தேனீ எப்போதாவது வரும் விருந்தாளி. ஈயை அருவருப்பாகப் பார்க்கும் உனக்கு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருந்தும் ஒன்றோ இரண்டோதான் காயாக நிற்கிறது. மற்றதெல்லாம் உதிரத்தான் பூக்கிறது.

முசுறு எறும்பு இந்த வருஷம் பதினோரு மரத்தில் கூடு கட்டியிருக்கிறது. நான் கலைக்கவில்லை, ஆச்சரியப்படாதே. எறும்புகள் வரிசையாக நின்று இலைகளை இழுத்துப் பிடிக்க, இன்னொரு கூட்டம் தன் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு, அவை விடும் பட்டு நூலால் இலையோடு இலையைத் தைக்கிறது. அரைமணி நேரம் நின்று பார்த்தேன், காபி ஆறிவிட்டது. சீனாவில் 1,700 வருஷத்துக்கு முன்பே இந்தக் கூடுகளைச் சந்தையில் வாங்கி ஆரஞ்சு மரங்களில் தொங்கவிட்டார்களாம். பிற்காலத்தில் மரத்துக்கு மரம் மூங்கில் பாலமும் போட்டுக் கொடுத்தார்கள். நாம்தான் சின்ன வயதில் அந்தக் கூடுகளை எரிக்கத் துணியைக் கொளுத்திக்கொண்டு அலைந்தோம். மாவுப்பூச்சியை வளர்த்துவிடும் கெட்ட பழக்கம் அதற்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். காய் பறிப்பவர்கள் அந்தப் பதினோரு மரத்தில் ஏற மறுத்துவிட்டார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் நானே தொரட்டியோடு போய்க் கடி வாங்கினேன். எங்கே என்று கேட்காதே.

சரி, வலை.

வௌவாலோடு எனக்கு எத்தனை வருஷப் பகை என்று உனக்குத் தெரியும். தகரம் தட்டினேன், விளக்குக் கட்டினேன், நீ சொன்னாய் என்று ரேடியோவை மரத்தில் தொங்கவிட்டேன். அதுங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே தின்றன. அதனால்தான் அந்த நைலான் வலையை மேற்கு வரிசை முழுக்கப் போர்த்தினேன். மெல்லிசு, கறுப்பு, கண் பெரிசு, விலை மலிவு. வேலை முடிந்து நின்று பார்த்தால் வலையே தெரியவில்லை. அதைத்தான் உனக்குப் பெருமையாக எழுதினேன்.

தெரியாததுதான் வினையே. பூச்சி பிடிக்கும் சின்ன வௌவால் இருட்டில் சத்தம் எழுப்பி, அதன் எதிரொலியை வைத்து வழி பார்க்கும். இந்தப் பெரிய பழந்தின்னிக்கு அந்த வித்தை கிடையாது. கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் வரும். நான் பார்த்தும் தெரியாத வலை அதற்கு மட்டும் எப்படித் தெரியும்?

போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நாய் மேற்கே பார்த்து விடாமல் குரைத்தது. போனால் வலையின் ஓரத்தில் ஒரு பெரிய வௌவால், ஒரு இறக்கை முழுக்கச் சுருண்டு நூல் சதையில் இறங்கியிருந்தது. இரவு முழுக்கப் போராடியிருக்க வேண்டும். வாயாலும் நூலைக் கடித்து, பல்லில் ரத்தம். பக்கத்தில் போனதும் சீறியது. அப்போதுதான் பார்த்தேன், மார்பில் ஒரு குட்டி. தாயின் முலைக்காம்பைக் கவ்வியபடி, கண்ணை அகல விரித்து என்னையே பார்த்தது. வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் அதற்கு. எலி மாதிரிப் பெற்றுத் தள்ளுகிறது என்று நான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேனே.

மகன் தோல் கையுறையும் தடித்த துண்டும் கொண்டு வந்தான். தலையைத் துண்டால் மூடி, நூலை இழுக்காமல் ஒவ்வொன்றாக வெட்டினோம். ஒரு மணி நேரம் ஆனது. இறக்கைச் சவ்வு மூன்று இடத்தில் கிழிந்திருந்தது. வனத்துறைக்குப் போன் செய்துவிட்டு, தாழ்ந்த கிளை ஒன்றில் நிழலாகப் பார்த்துத் தொங்கவிட்டோம். கிழிந்த இறக்கையையும் மடித்துக் குட்டியைப் போர்த்த முயன்றது. பத்து மணிக்குள் செத்துவிட்டது. குட்டியை அவர்கள் வந்து பெட்டியில் எடுத்துப் போனார்கள். எடுக்கும்போது தாயின் ரோமத்தை விடவே இல்லை, விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

நான் கோழி அறுப்பவன், எலிக்கு விஷம் வைப்பவன், இதற்குப்போய் ஏன் இப்படி ஆகிறேன் என்று தெரியவில்லை. நான்கு நாளாகச் சரியாகத் தூக்கம் இல்லை. அது வந்தது பழம் தின்ன. நான் விற்கப் பறிப்பதெல்லாம் முற்றின பச்சைக்காய். மரத்திலேயே பழுத்து உச்சியில் விட்டுப்போனதைத்தான் அது பெரும்பாலும் தேடுகிறது. சேதமே இல்லை என்று சொல்ல மாட்டேன், அடிபட்டவன் நான். ஆனால் அணில், கிளி, பழ ஈ எல்லாரும் தின்ற கணக்கையும் சேர்த்து வௌவால் தலையில் எழுதிவந்திருக்கிறேன்.

மொரீஷியஸ் தீவில் மா, லிச்சித் தோப்புக்காரர்கள் கூச்சல் போட்டு, 2015இல் அரசே ஆயிரக்கணக்கில் வௌவாலைக் கொன்றது. 2016இலும் அதே. 2018இல் மறுபடியும். கொன்றதால் தொல்லை தீர்ந்திருந்தால் மூன்றாவது தடவை எதற்கு? கடைசியில் அந்த இனமே அழியும் நிலைப் பட்டியலுக்குப் போனது.

ஆகவே வலை போடாதே என்று சொல்லவில்லை, வேறு வலை போடு. விரல் நுழையாத கண், வெள்ளை நிறம், சட்டம் அடித்து முரசுத்தோல் மாதிரி இறுக்கிக் கட்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பரிலிருந்து வீட்டுப் பழமரத்து வலைக்குச் சட்டமே இருக்கிறது: இழுத்துப் பிடித்தாலும் கண் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மரம் முழுக்க முடியாவிட்டால் நல்ல கொத்துகளுக்குப் பை கட்டு, பழ ஈயும் அண்டாது. உச்சியில் இருப்பதை விட்டுவிடு, உன் உயரத்துக்கு அது எப்படியும் எட்டாது.

இன்னொன்று, இது விளையாட்டு இல்லை. புதுப் பன்றிக்கொட்டகையை மாமரத்தடியில் போடுகிறாயாமே, நிழலுக்காக. தயவுசெய்து வேண்டாம். 1998-99இல் மலேசியாவில் நிபா வைரஸ் பரவியது அப்படித்தான். கொட்டகை ஓரம் மாமரம், வௌவால் கடித்துப் போட்ட பழம், அதைத் தின்ற பன்றி, பன்றியிடமிருந்து மனிதன். நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளை அழித்தார்கள். எல்லா வௌவாலிடமும் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் கடிபட்ட பழத்தை நீயும் தின்னாதே, பன்றிக்கும் போடாதே, ஆழமாகக் குழி தோண்டிப் புதை. வௌவால் விழுந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாதே. நீ தொடுவாய், அந்த உடும்பு விவகாரம் எனக்கு மறக்கவில்லை.

என் வலையை முழுக்க அறுத்துச் சாக்கில் கட்டி வைத்துவிட்டேன். நேற்று இரவு மேற்கு வரிசையில் நான்கைந்து வந்தன. கட்டிலை வெளியே போட்டுப் படுத்திருந்தேன். சக்கையைத் துப்பும் சத்தம் டப், டப் என்று சருகில் விழுந்துகொண்டே இருந்தது. ஒருமுறை தகரத்தை எடுக்கக் கை போனது. அப்புறம் புரண்டு படுத்துக்கொண்டேன்.

குட்டி பால் குடிக்கிறதாம், இன்று காலை போனில் சொன்னார்கள். தங்கையிடம் விசாரித்ததாகச் சொல். என் ஏணியை இந்த வருஷமாவது திருப்பிக் கொடு, ஆனி பிறந்தால் கவாத்து வேலை இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய எதிரி