‘பாடி டூட்டி’ பார்த்தவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொலையானவரின் உடலை நடுத்தெருவிலேயே நாலைந்து மணி நேரம் போலீசார் போட்டு வைத்திருந்தார்கள் என்று வாசகர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். 31 வருடம் காவல் துறையில் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவன் நான். ஸ்டேஷனில் எனக்கு அதிகம் வாய்த்தது ‘பாடி டூட்டி’, அதாவது பிரேதத்துக்குக் காவல் இருந்து, அதோடு மார்ச்சுவரிக்குப் போய், குடும்பத்தாரிடம் ஒப்படைக்கிற வேலை. அந்த வேலைக்கு யாரும் போட்டி போட மாட்டார்கள்.

உடல் கிடந்த இடத்திலேயே கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. போட்டோகிராபர், கைரேகைக்காரர், மோப்ப நாய் எல்லாம் வந்து முடிக்கும்வரை அதைத் தொடக் கூடாது. மல்லாந்து கிடக்கும் உடலில் இரத்தம் முதுகுப் பக்கம் இறங்கி, தோல் கருஞ்சிவப்பாகி, சில மணி நேரத்தில் அப்படியே நிலைத்துவிடும். குப்புறக் கிடக்கிற உடலின் முதுகில் அந்த நிறம் இருந்தால், யாரோ பிறகு புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அப்புறம் பார்வை மகஜர் (சம்பவ இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன் எழுதுவது), மாதிரி வரைபடம், இரத்தம் படிந்த மண் ஒரு டப்பா, ஒப்பிட்டுப் பார்க்கச் சாதா மண் ஒரு டப்பா. பிறகுதான் பிரேத விசாரணை, அதாவது உடலில் உள்ள காயங்களைப் பார்த்து, சாவு எப்படி நேர்ந்திருக்கும் என்று எழுதுவது. அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேராவது உடனிருக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174, அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 194ஆவது பிரிவு. அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மேலே போயாக வேண்டும் என்பது புதிது.

உடலைத் தொடக் கூடாது என்ற விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொண்ணூறுகளில் ஒரு சித்திரை மாதம். கண்மாய்க் கரையில் இருபது வயதுப் பையன் வெட்டுப்பட்டுக் கிடந்தான். வெயில், ஈ. அவன் அம்மா அலறியதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பழைய போர்வையை வாங்கி நானே மூடினேன். இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கியதும் பையனைப் பார்க்கவில்லை, போர்வையைத்தான் பார்த்தார். “இது எவன்யா போட்டது?” பின்னால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீலும் அதையே பிடித்துக்கொண்டார். போர்வை யாருடையது, அதில் முந்தின ராத்திரி யார் படுத்தார்கள், அதிலிருந்த முடி உடலில் ஒட்டியிருக்காதா என்று அரை மணி நேரம் என்னைக் கூண்டில் நிற்க வைத்தார். என்ன பதில் சொல்ல? இரக்கப்பட்டேன் என்று சொன்னால் எழுதிக்கொள்வார்களா?

செத்தவரின் நகத்தில் வெட்டியவனின் தோல் இருக்கலாம். அதனால் இரண்டு கைகளுக்கும் காகித உறை கட்டி அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் ஆகாது, உள்ளே வேர்த்துத் தடயம் கெட்டுவிடும். இரத்தத்தில் நனைந்த சட்டையையும் நிழலில் உலர்த்தித்தான் காகிதத்தில் மடிக்க வேண்டும். மளிகைக்கடைப் பையில் ஈரத்தோடு சுருட்டி வைத்து, பூஞ்சை பிடித்த பிறகு கோர்ட்டுக்கு அனுப்பியதும் என் காலத்தில் நடந்திருக்கிறது.

ஆக, தெருவில் கிடந்ததை நான் குற்றம் சொல்ல மாட்டேன். என் வருத்தம் வேறு. அந்த நாலைந்து மணி நேரத்தில் குடும்பத்தாரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. மார்ச்சுவரி வாசலில் இது இன்னும் மோசம். மாலையில் உடலைக் கொண்டுபோனால் மறுநாள் காலையில்தான் பிரேதப் பரிசோதனை. வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. ஆனால் சட்டம் ஒழுங்கு சிக்கல் இருந்தாலொழிய கொலை வழக்குக்கு அது பொருந்தாது. வேப்பமரத்தடியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா? வெள்ளைத்துணிக்கு என்றும் ‘கவனிப்பு’க்கு என்றும் அவர்களிடம் காசு கேட்பதை நான் பார்த்திருக்கிறேன், தடுத்ததில்லை. 155377க்கு அடித்தால் இலவச அமரர் ஊர்தி வரும் என்பதைக்கூடத் தெரியாமல் வாடகை வண்டிக்கு அலைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கண்மாய்க் கரைப் பையனின் உடலை அவன் அப்பாவிடம் ஒப்படைத்து ரசீதில் கைநாட்டு வாங்கினேன். உடைகளையும் இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாணையும் பரிசோதனை முடிந்ததும் வாங்கி, சிறப்பு அறிக்கையோடு ஸ்டேஷனில் கொடுத்திருந்தேன். அந்த அம்மா அரைஞாணைக் கேட்டார். பிள்ளைக்கு ஒரு வயதில் போட்டதாம், பெரியவனான பிறகு அழித்துப் பெரிதாகச் செய்தார்களாம். “கோர்ட்டுல வாங்கிக்கலாம்மா” என்றேன். எந்தக் கோர்ட் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இப்போது புதுச் சட்டத்தில் இருக்கிறது. நல்லது. முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள் என்கிறேன் நான். விசாரணை அதிகாரி பெயர், போன் நம்பர், பரிசோதனை எங்கே எப்போது, உடலிலிருந்து என்னென்ன எடுத்தார்கள், எந்த நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாங்கலாம், இவ்வளவுதான். தமிழில் அரைப் பக்கம். உடலோடு போகிற காவலரே கொடுத்துவிடலாம். பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டருக்குக் கொடுக்கும் வேண்டுகோள் கடிதத்தை எப்படியும் அவர்தானே கையில் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமைக் காவலர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.