தேமல் என்று விட்டுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொழுநோயாளர் பலர் தாமதமாகவே இனங்காணப்படுகின்றனர் என்று தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். அதற்கு நோயாளரின் வெட்கத்தை மட்டும் காரணமாகச் சொல்வது சரியல்ல. தொழுநோயின் அறிகுறியாகத் தோலில் வரும் நிறம் மங்கிய படை பெரும்பாலும் நோகாது, கடிக்காது. அதற்காக யார்தான் ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி நகரத்துத் தோல் கிளினிக்குக்குப் போவார்? எங்கள் உறவினர் ஒருவர் முழங்கைக்குக் கீழே இருந்த படையைத் தேமல் என்று எண்ணிக் களிம்பு பூசிவந்தார். நெல் அவிக்கும் கிடாரத்தில் கை பட்டுக் கொப்புளம் போட்டதே அவருக்குத் தெரியவில்லை. மனைவி கண்டு சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்குள் சுண்டுவிரல் மடங்கத் தொடங்கிவிட்டது.

இத்தனைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம்தான். ஆனால் செத்துப்போன நரம்பை மருந்து மீட்டுத் தராது. கிருமி புகுந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 வருடம், சிலருக்கு 20 வருடமும் ஆகலாம் என்பதால் நோயாளரின் வீட்டாரை ஒருமுறை பார்த்துவிட்டு விடுவதும் போதாது. குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வீடுகளுக்கு வருகிறார்கள்தானே. படையில் உணர்ச்சி இருக்கிறதா என்று ஒரு பஞ்சுத் திரியால் முற்றத்திலேயே பார்த்துவிடலாம். அதை வருடம் ஒருமுறை கட்டாயமாக்கி, சந்தேகத்துக்குரியவர்களுக்குக் கிளினிக் திகதியையும் அவர்களே எடுத்துக் கொடுக்க மாகாண சுகாதாரத் திணைக்களம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாசகர்,
ஒட்டுசுட்டான்